ஏர்போர்ட் வண்டியும் எக்ஸெல் ஷீட்டும்

வளைகுடாவுல குடும்பத்தோட இருக்கற நம்ம மக்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு பரீட்சை. ஒண்ணு பிள்ளைங்க எழுதறது. இன்னொண்ணு டிசம்பர் லீவுக்கு நாம போடற பிளான். போன டிசம்பர்ல ரெண்டாவது பரீட்சையில நான் பெயிலாகி, எங்க அம்மா கருணை மார்க் போட்டுத் தூக்கிவிட்ட கதை இது.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். மறையூர். கேரளாவுல இடுக்கி மாவட்டம், ஆனா கடைத்தெருவுல நின்னு கேட்டா பாதிக்கு மேல தமிழ்தான். தெற்கே ஏறினா 40 கிலோமீட்டர்ல மூணாறு. வடக்கே இறங்கினா சின்னாறு காட்டைத் தாண்டி உடுமலைப்பேட்டை. அஞ்சுநாடுன்னு பழைய பேர் உள்ள பள்ளத்தாக்கு. சந்தனக் காடு, கல்லால ஆன முனியறைங்க, கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரும்பு. மூணாறுல மழை கொட்டறப்ப எங்க ஊர்ல வெயில் அடிக்கும், மழை மறைவுப் பக்கம். எங்க பாம்பாறுகூட கேரளத்துல மத்த ஆறுங்க மாதிரி மேற்கே போகாது. கிழக்கே திரும்பி அமராவதியில கலந்து தமிழ்நாட்டுக்கு வந்துடும். நாங்களும் அப்படித்தான். துணி எடுக்க, பல்லு பிடுங்க, சினிமா பார்க்க எல்லாத்துக்கும் உடுமலை. எங்க வீட்டுப் பெரியவங்களுக்குக் கொச்சியும் துபாயும் ஒண்ணுதான். பேர் தெரியும், போனதில்லை.

நான் அபுதாபியில கணக்கு எழுதற வேலையில இருக்கேன். அதனால எதை எடுத்தாலும் எக்ஸெல். வீட்டு மளிகைக்குக்கூட ஒரு ஷீட் உண்டு (தங்கமணி அதைத் திறந்து பார்த்ததே இல்லைங்கறது வேற விஷயம்). பிள்ளைங்க ரெண்டு பேர். பொண்ணுக்கு ஒன்பது, பையனுக்கு அஞ்சு. இங்க யாஸ் தீவுல 2010-ல ஃபெராரி வேர்ல்டு வந்துச்சு, 2018-ல வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு, 2023-ல சீ வேர்ல்டு. வர்ற விருந்தாளிங்களைக் கூட்டிட்டுப் போய்ப் போய் எங்களுக்கு வழியெல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் தங்கமணி போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்புல போட்டுடுவாங்க.

வினை அங்கதான் ஆரம்பிச்சுது. எங்க அண்ணன் மகன், ஆறாவது படிக்கறான், ஒரு நாள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "சித்தப்பா, இந்த மாதிரி நம்ம பக்கம் எங்கயாச்சும் இருக்கா?" அவ்வளவுதான். கூட்டிட்டுப் போங்கன்னு கேட்கலை. கேட்டிருந்தாக்கூட ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்காம விட்டதுதான் குத்திச்சு. "டிசம்பர்ல வர்றேன்டா, உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்"னு வாயை விட்டுட்டேன்.

இந்த இடத்துல ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கறேன். எனக்கு எட்டு வயசு, அண்ணனுக்குப் பன்னெண்டு. உடுமலை மாரியம்மன் தேர்த் திருவிழாவுக்கு அம்மாவோட போயிருந்தோம். திடல் முழுக்கக் கடை, மரணக் கிணறு, ராட்டினம். அம்மா கையில கொடுத்த காசுல முறுக்கும் ஐஸும் போக மிச்சம் ஒரு ஆள் ராட்டினம் ஏறத்தான் இருந்துச்சு. அண்ணன் என்னைத் தூக்கி உட்கார வெச்சுட்டுக் கீழே நின்னான். நான் மேலே போய்ப் பார்க்கறப்ப கூட்டத்துக்கு நடுவுல அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கற அவன் முகம் மட்டும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் எத்தனையோ ராட்டினம் ஏறியாச்சு. அவன் அப்பா போனதும் படிப்பை நிறுத்திக் கரும்புக் காட்டைப் பார்த்துக்கிட்டான். நான் படிச்சேன், விமானம் ஏறினேன். அந்த ராட்டினக் கடன் மட்டும் அடைக்காமலே இருந்துச்சு.

சரி, பிளானுக்கு வருவோம்.

மறையூர்ல இருந்து கிளம்பினா மூணு திசையில மூணு பார்க் இருக்கு. பாலக்காட்டுப் பக்கம் மலம்புழாவுல ஃபேன்டஸி பார்க், 1998-ல இருந்து இருக்கு. மேட்டுப்பாளையத்துல நீலகிரி அடிவாரத்துல பிளாக் தண்டர், தண்ணி விளையாட்டுக்குப் பேர் போனது. மூணாவது கொச்சி பள்ளிக்கரையில இருக்கற வொண்டர்லா. 2000-ல வி-கார்டு கொச்சவுசேப் சிற்றிலப்பிள்ளி ஆரம்பிச்சப்ப அதுக்கு வீகாலேண்டுன்னு பேர். எங்க பக்கம் இன்னமும் பல பேர் வீகாலேண்டுன்னுதான் சொல்லுவாங்க. ஃபெராரி வேர்ல்டு போட்டோவைப் பார்த்த பையனுக்குப் பெரிய ராட்சச ராட்டினம் வேணும். அதனால கொச்சின்னு முடிவாச்சு.

எனக்கு மொத்தம் 14 நாள் லீவு. 22-ஆம் தேதி சாயங்காலம் கொச்சியில இறங்கறோம், ஜனவரி 4 திரும்பறோம். தங்கமணி ஊர் பொள்ளாச்சி. அங்கே 31-லேருந்து மூணு நாள்னு ஏற்கெனவே ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சு, அதுல கை வைக்க முடியாது. மிச்சத்துல போட்டேன் பாருங்க ஒரு ஷீட்! 23 மலை ஏறறது. 24, 25, 26 மறையூர். 27 கொச்சிக்கு இறங்கறது. 28 பார்க். 29 திரும்ப ஏறறது. 30 மறையூர். 31 பொள்ளாச்சி. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் அடிச்சு, வண்டிக்கு ஒரு பத்தி, லாட்ஜுக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு பிள்ளையோட உயரத்துக்கும் ஒரு பத்தி. ஆள் எட்டு. நாங்க நாலு, அண்ணன் வீட்டுல நாலு. அம்மா பேர் அதுல இல்லை. அறுபத்தெட்டு வயசு, முட்டி வலி, எதுக்கு அவங்களை மலை இறக்கி அலைக்கழிக்கணும்னு நானே முடிவு பண்ணிட்டேன். அவங்களைக் கேட்கலை.

25 முடிஞ்சா கூட்டம் குறையும்னு ஒரு நினைப்பு. அது எவ்வளவு பெரிய அறியாமைன்னு தேட ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது. கேரளாவுல கிறிஸ்துமஸ் பரீட்சை முடிஞ்சு லீவு விடற அதே நேரத்துல தமிழ்நாட்டுல அரையாண்டு லீவு. ரெண்டு மாநிலத்துப் பிள்ளைங்களும் 24-லேருந்து புத்தாண்டு வரைக்கும் ரோட்டுலதான். பார்க்குல வார நாளுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கு ஒரு விலை, கூட்ட சீசனுக்கு ஒரு விலை. வரிசையில கம்மியா நிக்கணும்னா ஃபாஸ்ட்ராக்னு தனிச் சீட்டு, அதுக்கு எக்கச்சக்கமா கூடுதல் காசு.

இது நம்ம ஊர்ல மட்டும் இல்லை. ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுல 2018-லேருந்தே தேதிக்குத் தேதி சீட்டு விலை மாறும். கிறிஸ்துமஸ் வாரம் உச்சம். கூட்டம் நிரம்பினா வாசலையே மூடின நாளுங்க உண்டு. ஒரு காலத்துல அங்கே வரிசையைத் தாண்டிப் போற ஃபாஸ்ட்பாஸ் சும்மா கொடுத்தாங்க. 2021-லேருந்து அதுக்கும் காசு. நியூஜெர்சியில இருக்கற என் கூட்டாளி போன வருஷம் காலையில ஏழு மணிக்கு போனைக் கையில பிடிச்சுக்கிட்டு இந்தச் சீட்டுக்காகக் காத்திருந்த கதையைச் சொல்லிச் சொல்லி மாயறான். "அங்க இருந்த நேரத்தைவிட பிளான் போட்ட நேரம்தான்டா ஜாஸ்தி"ம்பான். அவன் அளவுக்கு மோசமில்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டு, 28-ஆம் தேதிக்கு எட்டு சீட்டு போட கார்டை எடுத்து வெச்சுட்டு, அண்ணனுக்கு போன் போட்டேன்.

முழுசும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"27, 28, 29-ஆ?"ன்னான்.

"ஆமாண்ணா. செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"சரி... பாத்துக்கலாம். நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. எங்களைப் பத்தி என்ன."

எங்க அண்ணன் "பாத்துக்கலாம்"னா அது "முடியாது". அவனுக்கு நான் காசு கொடுக்கறது பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டேன். கோபம்கூட வந்துச்சு. இவ்வளவு மெனக்கெடறேன், ஒரு வார்த்தை சந்தோஷமாச் சொன்னா என்னன்னு. தங்கமணிகிட்ட அரை மணி நேரம் புலம்பினேன்.

மறுநாள் அண்ணி கூப்பிட்டாங்க. "தம்பி, அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கிறிஸ்துமஸ்லேருந்து ஜனவரி ரெண்டு வரைக்கும்தான் எங்களுக்கு வியாபாரமே. அந்த வாரம் ஆலையை விட்டுட்டு எப்படி வர்றது?"

சட்டுனு எனக்குப் பேச்சு வரலை.

விவரம் தெரியாதவங்களுக்கு: மறையூர் வெல்லம் அச்சுல ஊத்தறது இல்லை. கரும்புப் பாலைக் கொப்பரையில காய்ச்சி, அழுக்கு எடுத்து, பாகு இறுகறப்ப தொட்டியில ஊத்திக் கிளறி, சூடு ஆறறதுக்குள்ள கையாலேயே உருண்டை பிடிக்கணும். விரல் தடம்கூட அதுல தெரியும். 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஆனா குறியீடு கிடைச்சதும் விலை தானா ஏறிடாது. வெளியில இருந்து வர்ற மலிவு வெல்லத்தையும் மறையூர் வெல்லம்னு சொல்லி விக்கறாங்க. மொத்த வியாபாரிகிட்ட போட்டா அந்த மலிவு விலையோடதான் போட்டி போடணும். சுற்றுலா வர்றவங்க அப்படி இல்லை. கொட்டாய்க்குள்ள வந்து, கொப்பரை கொதிக்கறதைப் பார்த்து, சூடா ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டு, ரெண்டு கிலோ மூணு கிலோன்னு கேட்ட விலைக்கு வாங்கிட்டுப் போவாங்க. 2023-ல பக்கத்துக் காந்தளூருக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட சிறந்த சுற்றுலா கிராமம் விருது கிடைச்சதுலேருந்து கூட்டம் இன்னும் கூடியிருக்கு. மூணாறு நிரம்பி வழிஞ்சா மிச்சம் எங்க பக்கம்தான் இறங்கும். அந்தப் பத்து நாள் வர்ற காசுலதான் அண்ணன் கரும்புக்கு வாங்கின கடனை அடைக்கறான்.

இது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்தக் கொட்டாயிலதான் வளர்ந்தேன். கூட்டத்துக்கு ஒரு பத்தி, விலைக்கு ஒரு பத்தின்னு போட்ட எனக்கு, அண்ணனுக்கு அது லீவா வேலையான்னு ஒரு பத்தி போடத் தோணலை. கொச்சிக்காரன் எங்க ஊருக்கு வேடிக்கை பார்க்க வர்ற அதே வாரம், எங்க அண்ணனைக் கொச்சிக்கு வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டிருக்கேன்! நமக்குப் பண்டிகைக் கூட்டம்னா தொல்லை. அவனுக்கு அதுதான் அறுவடை.

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட பேசினேன். பிளான் கேன்சல்னு சொல்லத்தான். ஆனா பையனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு சம்பந்தமே இல்லாம ஒண்ணு கேட்டாங்க.

"உங்களைக் கூப்பிட ஏர்போர்ட்டுக்கு வண்டி வருமில்ல சாமி?"

"ஆமாம்மா, வழக்கம்போல."

"அது இங்கேர்ந்து காலியாத்தானே வருது?"

"ஆமா."

"அந்த ஏர்போர்ட்டு எங்கிருக்கு?"

"நெடும்பாசேரி. கொச்சிப் பக்கம்."

"நீ சொல்ற அந்த வீகாலேண்டு?"

"அதுவும் கொச்சிப் பக்கம்தான்."

"அப்புறம் எதுக்குடா மேல வந்துட்டு மறுபடி கீழ போறே? காலியா வர்ற வண்டியில நாங்க வந்துட்டுப் போறோம்."

மக்களே, மூணு வாரமா கலர் அடிச்ச ஷீட்டை அப்படியே மூடி வெச்சேன். பத்து வருஷத்துக்கு மேல அந்த வண்டி காலியா வந்து காலியாப் போயிருக்கு. ஒரு தடவைகூட எனக்குத் தோணலை.

மத்தது தானா விழுந்துச்சு. அண்ணன் மகனுக்கு 22-ஆம் தேதி முற்பகலோட பரீட்சை முடியுது. மத்தியானம் கிளம்பினா ராத்திரிக்குள்ள கொச்சி. 23 பார்க். அன்னிக்குப் பல பிள்ளைங்களுக்குப் பரீட்சையே முடிஞ்சிருக்காது, கூட்டம் குறைவு, விலையும் குறைவு. 24 சாயங்காலம் ஊருக்கு வந்துட்டா 25 காலையில அண்ணன் கொப்பரை முன்னாடி நிக்கலாம். எண்ணிப் பார்த்தேன். பழைய கணக்குப்படி அம்மாகூட முழுசா இருக்கற நாள் நாலு. புதுக் கணக்குல 25-லேருந்து 30 வரைக்கும் ஆறு. பார்க்குக்கும் போயிட்டு, ரெண்டு நாள் லாபம். வழக்கமா வர்ற காருக்குப் பதிலா டெம்போ டிராவலர், அவ்வளவுதான்.

"நீயும் வரணும்"னேன் அம்மாகிட்ட.

"பின்னே? வண்டியில வர்றோம்னுதானே சொன்னேன்"னாங்க. நான்தான் அவங்க பேரை எடுத்து வெச்சிருந்தேன். அவங்க எடுக்கவே இல்லை.

22 ராத்திரி. பெட்டியைத் தள்ளிக்கிட்டு வெளிய வர்றோம். கம்பிக்கு அந்தப் பக்கம் வாடகைக் கார்க்காரங்க பேர் எழுதின அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற இடத்துல, பச்சைக் கண்டாங்கிச் சேலையில எங்க அம்மா. எத்தனை தடவை போய் வந்திருக்கேன், எப்பவும் அவங்களைப் பார்க்கறது வீட்டு வாசல்லதான். பிள்ளைங்க "அப்பத்தா"ன்னு ஓடினதுல ஒரு பெட்டியை யாரோ ஒருத்தர் கால் மேலேயே விட்டுட்டேன். அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இம்புட்டுப் பேரு இப்படித்தான் காத்துக்கிட்டு நிப்பாங்களா?"

23 காலையில அம்மா ஊர்ல இருந்து கட்டிட்டு வந்த புளிச்சோறு மிச்சத்தை வண்டியிலேயே சாப்பிட்டு முடிச்சோம். வெளிச் சாப்பாடு பார்க்குக்குள்ள விட மாட்டாங்க. உயரக் கணக்கு வாசல்லேயே ஆரம்பிச்சிடும். 85 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா சீட்டு வேண்டாம், 140 வரைக்கும் குழந்தைச் சீட்டு. 60 தாண்டினவங்களுக்குச் சலுகை. உள்ளயும் பெரிய ராட்டினங்க சிலதுக்கு 140 இருக்கணும்.

அண்ணன் மகன் 138. இதை நான் வாட்ஸ்அப் வீடியோவுலயே கதவு நிலையில கோடு போடச் சொல்லி அளந்து, "ரெண்டு மூணு விளையாட்டுக்கு உன்னை விட மாட்டாங்கடா"ன்னு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் அவன் ஒரு மாசமா தினமும் கொய்யா மரத்துக் கிளையில தொங்கியிருக்கான், வளரறதுக்கு! அண்ணி சொல்லித்தான் தெரியும். அங்கே அளவுக் கோல் பக்கத்துல நிக்கறப்ப குதிகாலை லேசா தூக்கினான். அளக்கற பையன் சிரிச்சுக்கிட்டே தோளைத் தட்டி இறக்கினான். கெஞ்சிப் பார்க்கலாமான்னு நான் வாயைத் திறந்தேன். அண்ணன் தடுத்துட்டான். "விதின்னா விதிதான். அடுத்த வருஷம் ஏறிக்க"ன்னான். பையன் அழலை. ஆனா உதட்டைக் கடிச்சுக்கிட்டு, "அப்பா, நீங்க ஏறிப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க"ன்னான்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன்.

பக்கத்துப் பக்கத்துல உட்கார வெச்சுக் கம்பியைப் பூட்டினாங்க. அதுக்கப்புறம் நடந்ததை விவரிக்கற அளவுக்கு நான் கண்ணைத் திறந்து வெச்சிருக்கலை. அண்ணன் போட்ட சத்தம் மட்டும் காதுல இருக்கு. கொட்டாயில ஆளுங்களை அதட்டறப்பகூட அந்தச் சத்தம் வந்ததில்லை. இறங்கினதும் நேராப் போய் ஒரு திண்டுல உட்கார்ந்து தலையைப் பிடிச்சுக்கிட்டான்.

"இதுக்காடா காசு குடுத்தே?"ன்னான்.

நான் சிரிச்சேன். அப்புறம் என்னமோ தோணிச்சு, சொல்லிட்டேன். "மாரியம்மன் திருவிழாவுல நீ ஏறாம கீழ நின்ன கடனைத் தீர்த்துட்டேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "எந்தத் திருவிழா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான். "அதுவா! அடப் பைத்தியக்காரா, காசு இல்லாமயா ஏறலை? பயந்துக்கிட்டு ஏறலை. நீ மேல போனப்ப எனக்கு வயித்தைக் கலக்குச்சு."

நெசமாத்தான் சொன்னானா, இல்லை முப்பது வருஷமா நான் சுமந்ததை இறக்கி வைக்கச் சொன்னானான்னு தெரியலை. நானும் மேல கேட்கலை. அந்த ஆள் அப்படித்தான்.

அம்மா எதுலயும் ஏறலை. மர நிழல்ல எங்க எல்லார் செருப்பு, பை, போன் எல்லாத்துக்கும் காவல். நடுநடுவுல அண்ணன் போன் அடிக்கும். "மூணு கிலோ வேணுமாம்"னு ஆர்டர் எடுத்து, அண்ணன் வந்ததும் ஒப்பிச்சாங்க. "கூட்டம் ஜாஸ்தியாம்மா?"ன்னு கேட்டேன். "தைப்பூசத்துக்குப் பழனியில நிக்கற கூட்டத்துல இது கால்வாசி வராது"ன்னாங்க. தண்ணிப் பக்கம் போறதுக்கு நைலான் உடுப்பு கட்டாயம்னு முதல்லயே சொல்லியிருந்ததால உடுமலையிலேயே எல்லாருக்கும் எடுத்து வெச்சிருந்தாங்க அண்ணி. அலைக் குளத்துல இறங்கின நாலு பிள்ளைங்களையும் வெளிய இழுக்க ரெண்டு குடும்பமும் சேர்ந்து பாடுபட்டோம்.

24 காலையில ஆறு மணிக்குக் கிளம்பினோம். இங்கேயும் அம்மா யோசனைதான். "எல்லாரும் மூணாறுக்கு ஏறற நாளு, நாம ஏன் அவங்க பின்னாடி போகணும்?" மூணாறு வழியைவிட 100 கிலோமீட்டர் கிட்டச் சுத்துதான், ஆனா திருச்சூர், பாலக்காடுன்னு நாலு வழிச் சாலை. முன்னாடி கழுத்தறுத்த குதிரான் மேட்டுக்கு இப்ப சுரங்கம் வந்துடுச்சு. மத்தியானச் சாப்பாடு பொள்ளாச்சியில மாமனார் வீட்டுல (தங்கமணி முகத்துல ஒரு வெளிச்சம்!). உடுமலை தாண்டி, இருட்டறதுக்குள்ள சின்னாறு செக்போஸ்ட். இருட்டினா யானை. வழியில மூங்கில் ஓரமா ஒரு கூட்டம் நின்னுச்சு, குட்டியோட. வண்டிக்குள்ள பார்க் கதை பேசிக்கிட்டிருந்த நாலு பிள்ளைங்களும் கப்சிப். அண்ணன் வீட்டுக்குக்கூடப் போகலை. கொட்டாய் வாசல்ல ரெண்டு சுற்றுலா ஜீப் நின்னுச்சு, அங்கேயே இறங்கி லுங்கியைக் கட்டிக்கிட்டான்.

அடுத்த ஆறு நாள் நானும் கொட்டாயிலதான். தராசு முன்னாடி உட்கார்ந்து எடை போட்டேன். பிள்ளைங்க உருண்டையைக் காகிதப் பையில போட்டாங்க. "பார்க்கைவிட வெல்லம் உருட்டினதுதான் எங்களுக்குப் பிடிச்சுது"ன்னு பிள்ளைங்க சொன்னதா முடிச்சா பதிவு நல்லா இருக்கும். ஆனா பொய். பார்க்தான் பிடிச்சுது. இப்பவும் அதையேதான் பேசறாங்க. அம்மாவுக்குக்கூட அதுதான். தெருவுல யாரைப் பார்த்தாலும், "இவன் ஏர்போர்ட்டுல வர்றதை நேர்ல பார்த்தேன்"னு ஆரம்பிச்சு, "ரெண்டு எருமைங்களும் கத்துன கத்து இருக்கே"ன்னு முடிக்கறாங்க.

உங்களுக்கும் உதவும்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது சிலது:

1. நம்ம லீவைப் பார்த்துத் தேதி குறிக்காதீங்க. ஊர்ப் பிள்ளைங்க பரீட்சை எப்ப முடியுதுன்னு பாருங்க. லீவு விடறதுக்கு முந்தின ஒண்ணு ரெண்டு நாள் தங்கம்.

2. இறங்கற ஊர்லயே பார்க் இருந்தா முதல் நாளோ கடைசி நாளோ முடிச்சுடுங்க. நடுவுல வெச்சா போக ஒரு நாள், வர ஒரு நாள் போயிடும்.

3. பிள்ளைங்க உயரத்தை வீட்டுலயே அளந்து, எதுல ஏற முடியாதுங்கறதையும் முன்னாடியே சொல்லிடுங்க. வாசல்ல தெரிஞ்சா அழுகை, வீட்டுல தெரிஞ்சா கொய்யா மரம்.

4. திறக்கறதுக்கு அரை மணி முன்னாடி வாசல்ல இருங்க. முதல் ஒரு மணி நேரத்துல ஏறறதை மத்தியானம் மூணு மணி நேரத்துல ஏற முடியாது. பெரிய ராட்டினம் முதல்ல, தண்ணி அப்புறம், சாப்பாடு எல்லாருக்கும் முன்னாடி.

5. போனை லாக்கர்ல வெச்சுட்டா ஆளை ஆள் தேட முடியாது. ஒரு மரத்தை அடையாளம் வெச்சு, அங்கே ஒரு பெரியவங்களை உட்கார வைங்க. (அந்தப் பெரியவங்க வர்றாங்களான்னு அவங்களையே கேளுங்க.)

6. காசு நாம கொடுக்கறோம்ங்கறதால நாள் நம்மதுன்னு நினைக்காதீங்க. ஊர்ல இருக்கறவங்களுக்கு அந்த வாரம் என்ன வேலைன்னு முதல்ல கேளுங்க. "பாத்துக்கலாம்"னு சொன்னா அண்ணிக்கு போன் போடுங்க.

அடுத்த டிசம்பருக்கு ஷீட் திறந்தாச்சு. முதல் பத்தி அண்ணனோடது. இன்னும் அவன்கிட்ட இருந்து தேதி வரலை. அண்ணன் மகன் மட்டும் நேத்து ஒரு போட்டோ அனுப்பினான். கதவு நிலையில புதுசா ஒரு கோடு, பக்கத்துல பென்சில்ல எழுதியிருக்கு: 141.

டிஸ்கி: அண்ணன் கொட்டாய் எங்கன்னு கேட்டுத் தனி மடல் போட வேண்டாம். மறையூர்ல எந்தக் கொட்டாயில புகை வந்தாலும் உள்ள போங்க. கொப்பரை கொதிக்கறதைக் கண்ணால பார்த்துட்டு வாங்குங்க, பேரம் பேசாதீங்க.